குற்றம் தட்டிலா, ஊசியிலா?

ஒரு வாபஸில் ஆரம்பிக்க வேண்டியிருக்கு. இரண்டு வருஷம் முன்னால் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ எல்.பி. கைக்கு வந்தபோது கேட்டுவிட்டு இங்கே ஒரு குறிப்பு எழுதினேன். இசையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை. அதற்கப்புறம் ஒரு தீர்ப்பு: பக்கம் முடியப் போகும்போது வயலின்கள் பிசிறடிக்கின்றன, தட்டு வெட்டியவர்கள் கவனமில்லாமல் வெட்டியிருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு தப்பு. நான் பழி போட்டது முகம் தெரியாத யாரோ ஒரு கட்டிங் இன்ஜினியர் மேல். குற்றவாளியோ என் ஹெட்ஷெல்லில் இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது.

இதை ஒரு பொழுதுபோக்குக் குறிப்பாக மட்டும் எழுதவில்லை. தமிழ் இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசும் எல்லாரிடமும் ஒரு ரெடிமேட் வாக்கியம் உண்டு: “நம்ம ஊர் பிரஸ்ஸிங் மோசம் சார்.” நானும் நிறைய தடவை சொல்லியிருக்கேன். என் அலமாரியில் உறையின் மூலையில் பென்சிலால் ‘அச்சு மோசம்’ என்று குறித்து வைத்த தட்டுகள் பதினொன்று. கார்ட்ரிட்ஜை ஒழுங்காகப் பொருத்திய பிறகு அவற்றில் ஏழின் மேல் இருந்த குறிப்பை அழித்துவிட்டேன். மீதி நாலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வீடு சேலையூர் பக்கம், மாடி. தாம்பரத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள். விற்றவரே ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் மாட்டிக் கொடுத்திருந்தார். பச்சை ஊசி, நீள்வட்ட முனை, விலைக்கு நல்ல சாமான். “எல்லாம் செட் பண்ணிட்டேன், போட்டுக் கேளுங்க” என்றார். போட்டுக் கேட்டேன், இரண்டு வருஷம். சத்தம் வந்ததால் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் உடனே தெரியும். இதில் அப்படித் தெரியாது. முக்கால்வாசிப் பக்கம் நன்றாகவே பாடும். கடைசிப் பாட்டில்தான் கழுத்தறுக்கும்.

ஏன் கடைசிப் பாட்டு? கணக்கு எளிது. எல்.பி. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, எந்த இடத்திலும் மாறாது. ஆனால் வெளி ஓரத்தில் மையத்திலிருந்து 146 மி.மீ. தள்ளி இருக்கும் ஊசிக்கு அடியில் ஒரு நொடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. உள்ளே 60 மி.மீ.க்கு வந்துவிட்டால் 21 செ.மீ.தான். அதே ஒரு நொடி இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகரின் ‘ஸ்’, ஜால்ராவின் ஓசை எல்லாம் அந்தப் பக்கம்தான் வாழ்கின்றன. வெளி ஓரத்தில் அதன் ஒரு அலையின் நீளம் 51 மைக்ரான், உள்வட்டத்தில் 21 மைக்ரான். சாதாரணக் கூம்பு ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். அதாவது தெருவில் உள்ள பள்ளமும் அதில் இறங்கப் பார்க்கும் சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நீள்வட்ட ஊசியின் பக்கவாட்டு ஆரம் 8 மைக்ரானுக்குள் என்பதால் அது கொஞ்சம் இறங்கும். இறங்கும்போது நேராக நிற்க வேண்டும். கோணலாக நின்றால் பள்ளத்தின் இடது சுவரையும் வலது சுவரையும் ஒரே கணத்தில் தொடாமல் ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் தொடும். பிசிறு அங்கேதான் பிறக்கிறது.

நேராக நிற்பதில் ஒரு சிக்கல். தட்டை வெட்டும் மெஷினில் கட்டர் ஒரு நேர்கோட்டில் உள்ளே நகரும். நம் டோன் ஆர்ம் ஒரு முனையில் கட்டப்பட்டு வில் மாதிரி வளைந்து போகும். இரண்டும் எல்லா இடத்திலும் பொருந்தவே முடியாது. கிராமஃபோன் காலத்திலேயே இதைப் பிடித்துவிட்டார்கள்: 1924இல் பெர்சி வில்சன், 1938இல் லோஃப்கிரென், 1941இல் பேர்வால்ட். எல்லாருடைய தீர்வும் ஒரே மாதிரிதான். ஆர்மைத் தட்டின் மையத்தைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டு, கார்ட்ரிட்ஜை ஒரு கோணத்தில் திருப்பு, இரண்டே இடங்களில் பிழை பூஜ்யம் ஆகட்டும், மற்ற இடங்களில் பிழை சகிக்கும்படி இருக்கட்டும். லோஃப்கிரென், பேர்வால்ட் வழியில் அந்த இரண்டு இடம் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ.

இதைச் சரிபார்க்க ஒரு தாள் போதும். இரண்டு புள்ளி, இரண்டு கட்டம் போட்ட புரோட்ராக்டர். நெட்டில் இலவசமாகக் கிடைக்கும். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தேன். கடைப் பையன் நல்ல மனசோடு ‘பேஜுக்கு ஃபிட்’ பண்ணிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 100 மி.மீ. கோடு 96 மி.மீ. இருக்கு. அந்தத் தாளை நம்பி கார்ட்ரிட்ஜை நகர்த்தியிருந்தால் பழைய தப்பை விட்டுப் புதுத் தப்பைக் கல்யாணம் பண்ணியிருப்பேன். பிரின்ட் 100 சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்க, எடுத்ததும் அளந்து பாருங்க. இந்தக் கட்டுரையிலேயே பணம் செலவில்லாமல் கிடைக்கும் ஒரே அறிவுரை இது.

சரியான தாளை வைத்துப் பார்த்தபோது என் ஊசி இருக்க வேண்டிய இடத்திலிருந்து 3 மி.மீ. பின்னால் இருந்தது. 3 மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். சுமார் 230 மி.மீ. நீளமுள்ள ஆர்மில் ஒரு மி.மீ. முன்பின் தவறினால் வெளி ஓரத்தில் கோணம் மூன்றில் ஒரு டிகிரிதான் மாறும், உள்வட்டத்திலோ கிட்டத்தட்ட ஒரு டிகிரி. எனக்கு அங்கே மூன்று டிகிரி பிழை. போதாததற்கு, அதே அளவு கோணப் பிழை உள்ளே போகப் போக அதிகமாகக் காதில் விழும், ஏனென்றால் அங்கே பள்ளம் ஓடும் வேகம் குறைவு. ஒரே தப்புக்கு இரண்டு தண்டனை.

ஸ்க்ரூவைத் தளர்த்தி, நகர்த்தி, திருப்பி, மறுபடி இறுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் போயிற்று. (டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். ஹெட்ஷெல்லின் ரப்பர் வாஷரிலிருந்து ஊசி முனை வரை 52 மி.மீ. வைத்தால் கம்பெனி சொன்ன இடத்தில் நிற்கும்.) அப்புறம் ‘ஹவ் டு நேம் இட்?’ போட்டேன்.

1986இல் வந்த இந்த ஆல்பத்தை ராஜா தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்திருக்கிறார். வி.எஸ். நரசிம்மனின் வயலின்தான் இதன் முதுகெலும்பு. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற பகுதியில் பாக்கின் ஈ மேஜர் பார்டிட்டாவின் முன்னுரை அப்படியே ஓடும், அதன் மேல் ராஜா எழுதிய தந்திகள் சேரும். அதாவது இதைக் கேட்பது என்றால் இரண்டு கோடுகளைத் தனித்தனியாகக் கேட்பது. ஒன்று முந்நூறு வருஷப் பழசு, ஒன்று நம்ம ஊர்க்காரர் எழுதியது, இரண்டும் ஒன்றையொன்று எங்கே தொடுகின்றன, எங்கே விலகுகின்றன என்பதுதான் சுவை. என் பழைய செட்டப்பில் இரண்டும் ஒரே கூச்சலாகக் கேட்டன. அதைத்தான் நான் “தந்திகள் நெரிசலாக எழுதப்பட்டிருக்கின்றன” என்று விமர்சனம் வேறு பண்ணியிருந்தேன்! தட்டு வெட்டியவரோடு நிற்காமல் இசையமைப்பாளர் வரை போயிருக்கேன். இப்போது தனி வயலின் முன்னால் நிற்கிறது, தந்திக் கூட்டம் பின்னால் அகலமாக இருக்கிறது, வில் தந்தியில் திரும்பும் இடம் கேட்கிறது. நெரிசல் எதுவும் இல்லை.

இதன் பிறகும் எனக்கு இந்தத் தட்டின் ஒலி மேல் ஒரு குறை உண்டு. தந்திகளின் மேல் ஸ்தாயியில் லேசான கடினம், எதிரொலி கொஞ்சம் தாராளம். ஆனால் பக்கத்தின் முதல் நிமிஷத்திலும் கடைசி நிமிஷத்திலும் அது ஒரே அளவு இருக்கிறது. உள்ளே போகப் போக ஏறும் பிசிறு என்றால் முதலில் ஊசியைச் சந்தேகி, எங்கும் ஒரே மாதிரி இருக்கும் குணம் என்றால் பதிவைப் பேசு. இப்போதைக்கு இதுதான் என் அளவுகோல்.

எந்தக் கணக்கை வைத்துக்கொள்வது என்பதில் இன்னொரு கட்சி இருக்கு. 1966இல் ஸ்டீவன்சன் சொன்ன வழியில் பூஜ்யப் புள்ளிகள் 60.3, 117.4 மி.மீ. உள் புள்ளி ஏறக்குறைய பக்கத்தின் கடைசி வரியிலேயே. நடுவில் கொஞ்சம் பிழை ஏறும், முடிவு சுத்தமாக இருக்கும். சிம்பொனியில் உச்சம் கடைசியில் வரும், அங்கே காப்பாற்ற வேண்டும் என்பது இதன் பக்க நியாயம். மேலைநாட்டு ஆடியோ ஆட்கள் பலர் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். எனக்கு என்னவோ நம் கச்சேரித் தட்டுகளுக்கு இதுதான் பொருத்தம் என்று படுகிறது. ஒரு பக்கம் முழுக்க ஒரே உருப்படி என்றால் ஆலாபனை அமைதியாக வெளி ஓரத்தில் இருக்கும். கல்பனாஸ்வரம் வேகம் எடுத்து, வயலினும் மிருதங்கமும் சேர்ந்து முழங்கும் இடம் லேபிளுக்குப் பக்கத்தில் வந்து மாட்டிக்கொள்ளும். நமக்கும் உச்சம் கடைசியில்தான். சினிமா எல்.பி.க்கு பேர்வால்ட், கச்சேரிக்கு ஸ்டீவன்சன் என்று இரண்டு ஹெட்ஷெல் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கேன். வீட்டில் இதைச் சொன்னபோது கிடைத்த பார்வையை இங்கே வர்ணிக்கவில்லை.

அடுத்தது எடை. இங்கே அப்பா வருகிறார்.

எங்கள் வீட்டுப் பழைய போர்ட்டபிள் பிளேயரில் ஊசி எகிறினால் ஹெட் மேல் நாலணாவை வைத்து செலோ டேப் ஒட்டிவிடுவார். தமிழ்நாட்டில் ரெக்கார்டு பிளேயர் இருந்த வீடுகளில் இந்த வைத்தியம் தெரியாதவர் குறைவு. அன்றைய செராமிக் கார்ட்ரிட்ஜ்களே ஐந்து கிராம் போல அழுத்தும். 1970, 80களின் செப்பு-நிக்கல் நாலணா 2.5 கிராம். மொத்தம் ஏழரை. ஊசியும் பெரும்பாலும் சஃபையர். அது சில பத்து மணி நேரத்தில் தேய்ந்து உளி மாதிரி ஆகிவிடும். வைரம் என்றால் நூற்றுக்கணக்கான மணி நேரம் வரும். தேய்ந்த உளி, அதன் மேல் ஏழரை கிராம். பெயரும் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கு.

இப்போதைய கார்ட்ரிட்ஜில் தப்பு எதிர்ப்பக்கம் நடக்கிறது. தட்டு தேயக் கூடாது என்று பயந்து குறைத்து வைக்கிறார்கள். என் விஎம்95இக்கு கம்பெனி சொல்வது 1.8 முதல் 2.2 கிராம், நடுவில் 2.0. என்னுடையது 1.5இல் இருந்தது. விற்றவர் தட்டின் மேல் பாசம் வைத்தவர் போல. எடை போதாவிட்டால் சத்தமான இடங்களில் ஊசி பள்ளத்தின் சுவரை விட்டு எழும்பி மறுபடி விழும். விழும் அடியில்தான் சுவர் கெடும். ஆர்மின் பின்னால் உள்ள கவுண்டர்வெயிட் எண்களை அப்படியே நம்ப வேண்டாம். 0.01 கிராம் காட்டும் குட்டி டிஜிட்டல் ஸ்கேல் ஒன்று வாங்குங்க. ஸ்கேலையே நம்பலாமா என்று சந்தேகம் வந்தால் அதிகம் தேயாத பழைய நாலணா ஒன்றை வைத்துப் பாருங்க, 2.5 பக்கம் காட்ட வேண்டும். தட்டைக் கெடுத்த காசு கடைசியில் இந்த வேலைக்காவது ஆயிற்று.

இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒரு சண்டை. கார்ட்ரிட்ஜ் செட்டிங் பற்றி வரும் பேச்சில் பாதி ஆர்மின் உயரத்தைப் பற்றியது. ஊசி பக்கவாட்டில் பார்த்தால் 92 டிகிரியில் நிற்க வேண்டும், யுஎஸ்பி மைக்ரோஸ்கோப் வாங்கு, ஒவ்வொரு தட்டின் தடிமனுக்கும் உயரத்தை மாற்று என்கிறார்கள். கணக்கைப் போடுங்க. 230 மி.மீ. ஆர்மில் பின்பக்கத்தை 4 மி.மீ. தூக்கினால்தான் ஒரு டிகிரி மாறும். தட்டுக்குத் தட்டு தடிமன் வித்தியாசம் ஒரு மி.மீ.கூட வராது, அதாவது கால் டிகிரிக்குள். அதே ஒரு டிகிரியை ஓவர்ஹேங்கில் ஒரே மி.மீ. தவறு உள்வட்டத்தில் கொண்டுவந்துவிடுகிறது. மைக்ரோலைன் மாதிரி மெல்லிய முனை வைத்திருப்பவர்களுக்கு உயரம் காதில் பட வாய்ப்பு உண்டு, மறுக்கவில்லை. கூம்பு, நீள்வட்டக்காரர்கள் ஆர்மைத் தட்டுக்கு இணையாக வைத்துவிட்டுப் பாட்டைக் கேட்கப் போகலாம். பத்து ரூபாய் பிரின்டில் தீரும் பிரச்சினையை விட்டுவிட்டு மைக்ரோஸ்கோப்புக்குப் போவது எனக்குப் புரியவில்லை.

முன்னாலிருந்து பார்த்தால் ஊசி நேராக நிற்கிறதா என்பதற்கு ஒரு சின்ன கண்ணாடித் துண்டு போதும். பிம்பமும் ஊசியும் ஒரே கோட்டில் இருக்கணும். ஆன்ட்டி-ஸ்கேட்டிங்கை எடையின் எண்ணுக்கே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்க.

அதைவிட நம்ம பக்கத்துக்கு உரிய தொல்லைகள் வேறு. மழைக்காலம் முடிந்தால் தட்டில் பூஞ்சை. வெள்ளைப் பொட்டு பொட்டாக வரும், ஊசி அதைச் சுமந்துகொண்டே பாடும். டிஸ்டில்டு வாட்டரில் ரெண்டு சொட்டு சோப்புத் திரவம் போட்டுக் கழுவினாலே பாதி ‘அச்சு மோசம்’ போய்விடும். பழைய 78 தட்டுகள் அரக்குக் கலவை, அதில் ஸ்பிரிட் படவே கூடாது, கரைந்துவிடும். புழுக்கத்தால் ஒரு லாபமும் உண்டு: குளிர்நாட்டுக்காரர்கள் புலம்பும் ஸ்டேடிக் நமக்கு அவ்வளவாக இல்லை. அப்புறம் அதிர்வு. ஜி.எஸ்.டி. ரோடு, ரயில் பாதை ஓரம் வீடு என்றால் மர ஷெல்ஃபை விட்டுச் சுவரில் அடித்த கடப்பா கல் மேல் வையுங்க. எங்கள் மாடியில் யாராவது ஓடினாலே ஊசிக்குத் தெரிந்தது. கல்லுக்கு மாற்றிய பிறகு இல்லை.

ஏழு தட்டு மீண்டது என்றேனே, அதில் ஒன்று எம்.எஸ்.ஸின் வெங்கடேச சுப்ரபாதம். 1963இல் எச்.எம்.வி. வெளியிட்ட பதிவு. சனிக்கிழமை காலைகளில் போட்டுப் போட்டு அலுத்த தட்டு. ஸ, ஷ நிறைந்த சமஸ்கிருதம் ஊசிக்கு வைக்கும் பரீட்சை கடுமையானது. பழைய செட்டப்பில் ஒவ்வொரு ‘ஷ’வும் துப்பல் மாதிரி தெறிக்கும். “வயசான தட்டு” என்று விட்டிருந்தேன். எடையும் கோணமும் சரியானதும் தெறிப்பு அடங்கியது. எங்கள் பிரதி மோனோ என்பதால் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டனையும் அழுத்தினேன். மோனோ தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கு. மேல்கீழ் அசைவில் இருப்பதெல்லாம் தூசியும் தேய்மானமும். இரண்டு சேனலையும் சேர்த்தால் அந்த மேல்கீழ் சத்தம் தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடும். போயிற்று. அப்பா சமையலறை வாசலில் நின்று, “புதுசா வாங்கினியாடா?” என்று கேட்டார். “உங்க தட்டுதாம்பா” என்றேன். உறையை வாங்கி, பின்னால் தன் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

மீண்டு வராத நாலில் ஒன்று ‘அன்னக்கிளி’ ஈ.பி. 1976, ராஜாவின் முதல் படம். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. ஏழரை கிராம் வாங்கிய தட்டு இதுதான். ஜானகி குரல் உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் சுவர் இடிந்திருக்கு. நீள்வட்ட ஊசி போட்டேன், அதே உடம்பில் மாட்டக்கூடிய மைக்ரோலைன் ஊசியை நண்பரிடம் கடன் வாங்கிப் போட்டேன். பழைய ஊசி தொடாத உயரத்தில் பள்ளம் நன்றாக இருக்கலாம் என்ற ஆசையில். தாழ்ந்த ஸ்வரங்களில் கொஞ்சம் தெளிவு வந்தது. உச்சத்தில் வரவில்லை, இல்லாததை எந்தக் கோணமும் கொண்டுவராது. யூடியூபில் சுத்தமாகக் கிடைக்கிற பாட்டுதான், அது வேறு விஷயம்.

அப்பாவிடம் நாலணாக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “எகிறுச்சுடா, வேற என்ன பண்றது? மெட்ராஸ் போய் புது ஊசி வாங்க அன்னிக்கு ஏது காசு?” என்றார். அப்புறம், “பரவால்ல, போடு” என்றார். போட்டேன். உச்சத்தில் அதே கரகரப்பு. அவர் அந்த இடம் வரும்போது தலையை ஆட்டினார், அது பாட்டின் பாகம் என்பது மாதிரி.